பழைய இணைப்பு ஒன்றும் உடையாமல் தளத்தை மாற்றுதல்: ஒரு செட்டிநாட்டுத் தளத்தின் வேலைப் பதிவு

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்கள், வீடுகள், நகரத்தார் கோயில்கள், சமையல், பழைய சாமான்கள் பற்றிய தமிழ்த் தளம் இது. ஆயிரத்துச் சொச்சம் பக்கங்கள். அதன்மேல் மூன்று காலத்து முகவரிகள் படிந்து கிடந்தன. முதலில் சொந்த டொமைனில் ப்ளாக்கர். அடுத்து வேர்ட்பிரஸ், ஆண்டும் மாதமும் சேர்ந்த முகவரி. பிறகு அதே வேர்ட்பிரஸில் தேதியை எடுத்துவிட்டுத் தலைப்பு மட்டும். இப்போது நான்காவதாக, சாதாரண எச்டிஎம்எல் பக்கங்களாக என்ஜின்எக்ஸ் சர்வருக்குப் போகிறது.

மூன்று காலத்து முகவரிகளும் இன்றும் ஆட்களிடம் இருக்கின்றன. கும்பாபிஷேக மலரில் அச்சாகியிருக்கிறது. அறுபதாம் கல்யாணப் புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கிறது. வீட்டு முகப்பில் மாட்டிய தகவல் பலகையில் க்யூஆர் குறியாக இருக்கிறது. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் உள்ள சொந்தங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் கிடக்கிறது. அச்சடித்ததைத் திருத்த முடியாது. அதனால் வேலைக்கு வைத்த விதி ஒன்றுதான்: என்றைக்காவது வேலை செய்த எந்த முகவரியும், ஒரே தாவலில், அதாவது ஒரே ஒரு திருப்பத்தில், அதே பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.

ஒரு முன்குறிப்பு. டொமைன் ஆரம்பத்திலிருந்தே சொந்தமாக இருந்ததால்தான் இதெல்லாம் முடிந்தது. வேறொருவரின் டொமைனுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் சர்வர் உங்கள் கையில் இல்லை. பாதை பாதையாக ரீடைரெக்ட் (பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பம்) கொடுக்க வழி அவர்கள் வைத்தால்தான் உண்டு. இன்னும் அப்படி இருப்பவர்கள் வடிவமைப்பைப் பற்றி யோசிக்குமுன் டொமைன் வாங்குங்கள்.

பழைய முகவரிகளைத் திரட்டுதல்

பாதி நேரம் இதற்குத்தான் போனது, போகவும் வேண்டும். தளவரைபடக் கோப்பில் இருப்பது இன்றைய முகவரிகள் மட்டும். போன காலத்து முகவரிகள் அதில் இருக்காது. ஐந்து இடங்களிலிருந்து எடுத்தோம்.

சர்வரின் அணுகல் பதிவுக் கோப்புகள் முதலில். இவற்றைப் பல சேவை நிறுவனங்கள் சில வாரங்களிலேயே அழித்துவிடும். ஆகவே வேறு எதையும் தொடுமுன் இவற்றை நகலெடுக்க வேண்டும். இரண்டாவது வேர்ட்பிரஸின் தரவுத்தளம். அதில் பலர் பார்க்காத இரண்டு பொக்கிஷங்கள் உண்டு. வெளியான பதிவின் ஸ்லக்கை (முகவரியில் அதன் பெயராக வரும் துண்டை) மாற்றினால், பழைய ஸ்லக்கை வேர்ட்பிரஸ் தானே மெட்டா அட்டவணையில் ‘ஓல்டு ஸ்லக்’ என்ற பெயரில் எழுதி வைக்கும். ப்ளாக்கரிலிருந்து இறக்குமதிக் கருவி வழியாக வந்த பக்கங்களுக்கு, ‘ப்ளாக்கர் பெர்மாலிங்க்’ என்ற பெயரில் மூலப் பாதையும் அதே அட்டவணையில் இருக்கும். மூன்றாவது கூகுளின் சர்ச் கன்சோல் தரும் இணைப்பு அறிக்கை. வெளியிலிருந்து யார் எந்தப் பக்கத்தைச் சுட்டுகிறார்கள் என்று காட்டும். நான்காவது பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ். ஒரு டொமைனின்கீழ் அது சேமித்த எல்லா முகவரிகளையும் பட்டியலாகக் கேட்டு வாங்கலாம். ஐந்தாவது காகிதம். மலர்கள், அழைப்பிதழ்கள், பலகைகளின் புகைப்படங்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தோம், க்யூஆர் குறிகளைப் போனில் ஸ்கேன் செய்தோம். இந்த ஐந்தாவதைத் தவிர்க்க ஆசை வரும். தவிர்க்காதீர்கள்.

எல்லாம் ஒரே விரிதாளுக்கு வந்தது. பழைய பாதை, எங்கிருந்து கிடைத்தது, பக்க எண், செயல், சோதித்த நாள் என்று ஐந்து பத்திகள். செயல் என்ற பத்தியில் மூன்று விடைதான் வரலாம்: 301 (நிரந்தரத் திருப்பம்), 410 (நீக்கியது), அப்படியே.

ப்ளாக்கர் காலத்து முகவரிகள்

ப்ளாக்கரில் முழுக்கத் தமிழில் தலைப்பு வைத்தால், அது முகவரியில் தமிழைச் சேர்க்காது. ஆங்கிலத்தில் ‘ப்ளாக்-போஸ்ட்’ என்று பொதுவாக ஒன்றைப் போட்டு, அதே மாதத்தில் அடுத்தது வந்தால் அடிக்கோட்டோடு ஓர் எண்ணைச் சேர்க்கும். ஆகவே

/2011/05/ப்ளாக்-போஸ்ட்.எச்டிஎம்எல்
/2011/06/ப்ளாக்-போஸ்ட்.எச்டிஎம்எல்

இரண்டும் வெவ்வேறு பக்கங்கள். முதலாவது இளையாத்தங்குடிக் கோயில், இரண்டாவது கவுனி அரிசி. கடைசித் துண்டை மட்டும் வைத்துப் பொருத்தும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினால் எல்லா மாதத்து ‘ப்ளாக்-போஸ்ட்’டும் ஒரே பக்கத்துக்குப் போய்விடும். முதல் ஓட்டத்தில் அதுதான் நடந்தது. மறுமொழி எண் 301, பிறகு 200 (பக்கம் கிடைத்தது), எல்லாம் பச்சை. பக்கத்தைத் திறந்து பார்த்தபோதுதான் கோயிலைத் தேடி வந்தவருக்குக் கவுனி அரிசி கிடைப்பது தெரிந்தது. இங்கே ஆண்டு, மாதம், பெயர் மூன்றும் சேர்ந்ததுதான் சாவி.

வேர்ட்பிரஸின் தேதி முகவரிகளில் இந்தச் சிக்கல் இல்லை. பதிவுகளுக்குள் ஒரே ஸ்லக் இரண்டு முறை வராமல் அதுவே பார்த்துக்கொள்ளும். எனவே ஆண்டையும் மாதத்தையும் உதிர்த்துவிட்டு ஸ்லக்கை மட்டும் வைத்துத் தேடலாம்.

ப்ளாக்கர் முகவரிகளில் கைப்பேசிக்காக ஒட்டும் ‘?எம்=1’ என்ற வால் இருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய இணைப்புகளில் இது சர்வசாதாரணம். பாதையை மட்டும் வைத்துத் தேடும் அட்டவணைக்கு இந்த வால் தெரியாது என்பதால் தொந்தரவில்லை. ஆனால் வேர்ட்பிரஸின் குறு இணைப்பான ‘/?பி=457’ நேர்மாறு. அங்கே பாதை வெறும் சாய்கோடு. தகவல் முழுக்கக் கேள்விக்குறிக்குப் பின்னால். அதற்கு அந்த எண்ணையே சாவியாகக் கொண்ட தனி அட்டவணை வேண்டும். இல்லாவிட்டால் எல்லாக் குறு இணைப்பும் முகப்புப் பக்கத்தில் வந்து நிற்கும். பிழை எண் எதுவும் வராது என்பதால் யாருக்கும் தெரியவும் தெரியாது.

தமிழ் ஸ்லக்: 200 குறிகளுக்குள் என்ன அடங்கும்

தமிழில் தளம் நடத்துபவர்கள் அறிந்திருக்க வேண்டிய கணக்கு இது. யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் (%) இரண்டு எழுத்துமாக மாறும். ஆக ஒரு குறிக்கு ஒன்பது இடம். ‘கா’ என்பது க, துணைக்கால் என்று இரண்டு குறி, பதினெட்டு இடம். ‘காரைக்குடி’ பத்துக் குறி, 90 இடம்.

வேர்ட்பிரஸில் ஸ்லக் சேமிக்கும் பத்தியின் நீளம் 200. சேமிப்பது இந்த விழுக்காட்டு வடிவத்தைத்தான். எனவே 22 தமிழ்க் குறிகளோடு கதை முடிந்தது.

‘செட்டிநாட்டு வீடுகளில் ஆத்தங்குடிக் கல்’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். செட்டிநாட்டு: 12 குறி, 108 இடம். இணைப்புக்கோடு ஒன்று, 109. வீடுகளில்: 9 குறி, 81 இடம், மொத்தம் 190. இன்னொரு கோடு, 191. மிச்சம் ஒன்பது இடம். அதில் ‘ஆ’ மட்டும் உட்கார்ந்தது. ஸ்லக் இப்படி நின்றது:

/செட்டிநாட்டு-வீடுகளில்-ஆ/

பிறகு ‘செட்டிநாட்டு வீடுகளில் ஆட்டுக்கல்’ என்று இன்னொரு பக்கம் வந்தது. வெட்டினால் அதே ‘ஆ’. ஏற்கெனவே இருப்பதால் வேர்ட்பிரஸ் ‘-2’ சேர்க்கப் பார்க்கும். அதற்கு இடம் போதாது. ‘ஆ’வை எடுத்துவிட்டு ‘செட்டிநாட்டு-வீடுகளில்-2’ என்று வைக்கும். ‘செட்டிநாட்டு வீடுகளில் கோலம்’ என்றால் ‘க’ மட்டும் மிஞ்சும். உயிர்க்குறி வெட்டுக்கு அப்பால் போய்விட்டது. தலைப்பை வைத்து ஸ்லக்கை ஊகிக்கும் எந்த ஸ்கிரிப்டும் இதில் தோற்கும். ஊகிக்காமல் தரவுத்தளத்தில் உள்ள ஸ்லக்கை உள்ளபடி எடுக்க வேண்டும்.

படங்களும் இதே பெயர் வரிசையில்தான் இடம் பிடிக்கும். ‘ஆத்தங்குடி’ என்ற பெயரில் படத்தை முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு அதே பெயரில் வேர்ட்பிரஸின் ‘பேஜ்’ வகைப் பக்கம் ஒன்றைத் தொடங்கினால், பக்கத்துக்கு ‘ஆத்தங்குடி-2’தான் கிடைக்கும். விரிதாளில் ‘-2’ என்று முடியும் முகவரி ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துத்தான் பக்க எண் எழுதினோம்.

பார்வைக்கு ஒன்று, பைட்டில் வேறு

‘கோனாபட்டு’ என்று இரண்டு வரிகள் விரிதாளில் இருந்தன. கண்ணுக்கு ஒரே சொல். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்கவில்லை. காரணம், ‘கோ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு தனியாகவும் துணைக்கால் தனியாகவும் இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. கொ, கோ, கௌ வரிசைகள் மூன்றிலும் இது உண்டு. கோட்டையூர், கொத்தமங்கலம், கோனாபட்டு, கோவிலூர் என்று இந்தப் பக்கத்து ஊர்ப்பெயர்களிலேயே எத்தனை என்று பாருங்கள்.

‘ஸ்ரீ’ இன்னொன்று. ஸ-வை வைத்தும் எழுதலாம்; 2005-இல் யூனிகோடு 4.1-இல் சேர்ந்த ஶ-வை வைத்தும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். முதல் சிக்கலை, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடின் என்எஃப்சி சீராக்கம் தீர்க்கும். ‘ஸ்ரீ’யை அது தொடாது. இரண்டு வடிவத்துக்கும் தனித்தனி வரி எழுதத்தான் வேண்டும். சில தட்டச்சுக் கருவிகள் சொல்லுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத அகலமில்லாக் குறியையும் விட்டுச்செல்லும். அதையும் தேடி நீக்க வேண்டும்.

அட்டவணையின் இடப்பக்கத்தில் சீராக்கிய வடிவத்தோடு, பதிவுக் கோப்பில் உண்மையில் வந்த வடிவத்தையும் சேர்த்தே வைத்தோம். வருகிறவரின் போன் எந்த வடிவத்தை அனுப்பும் என்பது நம் கையில் இல்லை.

இதே கோளாறு படக் கோப்புகளில் வேறு ரூபத்தில் வந்தது. பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை, பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் சேமிக்கும். அப்படி ஒரு கணினியில் வைத்திருந்த காப்புப் பிரதியிலிருந்து படங்களை ஏற்றியதும், ‘கோ’ உள்ள படம் ஒன்றும் வரவில்லை. கான்வ்எம்வி என்ற கருவியால் பெயர்களை என்எஃப்சிக்கு மாற்றியதும் சரியானது. படங்களின் அடைவுப் பாதையை மட்டும் நாங்கள் மாற்றவே இல்லை. ஆண்டு, மாதம் என்று வேர்ட்பிரஸ் போட்ட அடைவுகள் அப்படியே புதிய சர்வரிலும் இருக்கின்றன. அழகுக்காகப் படப் பாதையை மாற்றுவது வேண்டாத வேலை.

புதிய முகவரி எப்படி இருக்க வேண்டும்

மாறக்கூடிய எதையும் முகவரியில் வைக்கக் கூடாது. தேதி வேண்டாம், திருத்தி எழுதும் பக்கத்துக்கு அது பொய்யாகும். ‘.எச்டிஎம்எல்’ வேண்டாம், மென்பொருள் மாறினால் அதுவும் மாறும். வகை வேண்டாம்: இடியாப்ப உரலைச் சமையலில் வைப்பதா சாமானில் வைப்பதா என்று இரண்டு முறை மாற்றியாயிற்று. நிர்வாகப் பெயரும் வேண்டாம். தளத்தில் ‘காரைக்குடி-நகராட்சி’ என்று ஒரு பகுதி இருந்தது. 2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. மாவட்டப் பெயரை வைத்திருந்தால் இன்னும் மோசம். இந்தப் பகுதி 1985-இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது, பிரிந்த மாவட்டத்தின் பெயரும் பிற்பாடு மாறியது. செட்டிநாட்டின் வேறு பல ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில். ஊர்ப்பெயரிலேயே வைரவன்பட்டி என்பார்கள், வயிரவன்கோவில் என்பார்கள். இரணியூர் என்பார்கள், இரணிக்கோவில் என்பார்கள்.

நகரத்தார் குடும்பங்களில் விலாசம் என்பது இரண்டு மூன்று எழுத்து. பாத்திரத்தில் வெட்டியிருப்பதும், பழைய ஐந்தொகையின் தலையில் இருப்பதும் அதுதான். கடை ரங்கூனிலிருந்து பினாங்குக்குப் போனாலும் விலாசம் மாறாது. அது எதையும் வருணிப்பதில்லை. இன்னார் என்று மட்டும் சொல்கிறது. அதே மாதிரி நாங்களும் பக்கத்துக்கு எண் கொடுத்தோம்.

/142

அவ்வளவுதான். ஆத்தங்குடிக் கல் பக்கத்தின் தலைப்பை எத்தனை முறை மாற்றினாலும் அது 142. எண் ஒருமுறை கொடுத்தால் பக்கத்தை நீக்கினாலும் வேறொன்றுக்குத் தரக் கூடாது. முகவரியில் தமிழ்ச் சொல் இருந்தால் அழகு என்று ஒரு வாதம் உண்டு. உலாவியின் முகவரிப் பட்டையில் அழகுதான். நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பல உலாவிகளில் அது இருநூறு குறிகள் நீளும் விழுக்காட்டுக் குவியலாக மாறும். பெறுபவர் மோசடி இணைப்பென்று நினைத்துத் தொடமாட்டார்.

க்யூஆர் பலகைக்கும் எண்தான் நல்லது. மொத்தம் 42 பைட்டுக்குள் முகவரி அடங்கினால், நடுத்தரப் பிழைதிருத்தத்தில் மூன்றாம் பதிப்புக் குறி போதும்: ஒரு விளிம்புக்கு 29 கட்டம். விழுக்காட்டுத் தமிழ் முகவரி 200-ஐத் தாண்டினால் பத்தாம் பதிப்பு வேண்டும், 57 கட்டம். 213 பைட்டைத் தாண்டினால் அதுவும் போதாது. ஐந்து சென்டிமீட்டர் சதுரத்தில் நான்கு பக்கமும் நான்கு கட்ட வெற்றிடம் விட்டு அச்சிட்டால், முதலாவதில் ஒரு கட்டம் சுமார் 1.35 மில்லிமீட்டர், இரண்டாவதில் 0.77. வெயிலில் நிற்கும் பலகையில், கொஞ்சம் கீறல் விழுந்த பிறகு, எது ஸ்கேன் ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

என்ஜின்எக்ஸில் அட்டவணை

வேலையின் இதயம் ஒரே ஒரு மேப் கோப்பு. இடப்பக்கம் பழைய பாதை, வலப்பக்கம் புதியது. பல முகவரிகளை ஒரே வடிவத்தில் சுருங்கச் சொல்லும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் விதிகளால் எழுதாமல் வரிக்கு வரி நேரடிப் பொருத்தமாக எழுதினோம். ஆயிரக்கணக்கான வரிகள் வந்தாலும் என்ஜின்எக்ஸுக்கு அது சுமையல்ல. ஹாஷ் அட்டவணையாக வைத்துத் தேடும். மனிதன் படித்துச் சரிபார்க்கவும் அதுதான் எளிது.

எந்த மாறியை வைத்துத் தேடுகிறோம் என்பது முக்கியம். ‘ரிக்வெஸ்ட் யுஆர்ஐ’ என்பது உலாவி அனுப்பியது அனுப்பியபடி: விழுக்காட்டுக் குறிகளோடு, கேள்விக்குறி வாலோடு. சில கருவிகள் அந்தக் குறிகளைப் பெரிய எழுத்தில் அனுப்பும், சில சிறிய எழுத்தில். பொருள் ஒன்றுதான், ஆனால் நேரடிப் பொருத்தம் தவறிவிடும். ‘யுஆர்ஐ’ என்ற மாறி விழுக்காட்டை அவிழ்த்து, வாலை நீக்கித் தருவது. இதை வைத்துத்தான் தேட வேண்டும். அப்போது இடப்பக்கத்தில் தமிழைத் தமிழாகவே எழுதலாம்.

வலப்பக்கத்தில் அப்படி எழுதக் கூடாது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. ரிட்டர்ன் கட்டளை கொடுத்ததை அப்படியே, எங்கே போக வேண்டும் என்று உலாவிக்குச் சொல்லும் லொகேஷன் ஹெட்டரில் போடும். விழுக்காட்டு வடிவத்துக்கு மாற்றாது. அங்கே பச்சைத் தமிழ் போனால் சில கருவிகள் அதைத் தப்பாகப் படித்துக் கந்தரகோளமாக்கும். எங்கள் வலப்பக்கம் எண்கள் என்பதால் தப்பித்தோம். தமிழ் ஸ்லக்கை வைத்துக்கொள்பவர்கள் வலப்பக்கத்தை விழுக்காட்டு வடிவத்தில் எழுத வேண்டும். அப்பாச்சி சர்வரில் ரீரைட் விதியாக எழுதுபவர்களுக்கு நேர்மாறான பொறி: நீங்கள் மாற்றி எழுதிய விழுக்காட்டுக் குறியை அது இன்னொரு முறை மாற்றும், முகவரியெங்கும் ‘%25’ முளைக்கும். ‘என்இ’ என்ற கொடியைச் சேர்த்தால் நிற்கும்.

மேப் கோப்பைப் போட்டுச் சோதனைக் கட்டளை கொடுத்ததும் சர்வர் ஏற்க மறுத்தது. மேப் ஹாஷ் பக்கெட் அளவை உயர்த்தச் சொல்லி ஒரு பிழைச்செய்தி. அதன் இயல்பு அளவு செயலியைப் பொறுத்தது, பெரும்பாலும் 64 பைட். ‘/செட்டிநாட்டு-வீடுகளில்-ஆ/’ என்பதே 70 பைட்: 22 குறிக்கு 66, கோடுகளும் சாய்கோடுகளும் நான்கு. ஆங்கில ஸ்லக் வைத்திருப்பவர்கள் இதை எளிதில் சந்திப்பதில்லை. தமிழில் நீளமான தலைப்பு ஒன்று போதும். 256 ஆக்கினோம், தேதி முன்னொட்டோடு வருவதற்கும் சேர்த்துப் போதும். வரிகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இயல்பாக 2048 ஆக இருக்கும் மேப் ஹாஷ் உச்ச அளவையும் ஏற்றிவிடுங்கள்.

அடுத்தது தாவல்களின் எண்ணிக்கை. முன்பு ஒரு ப்ளாக்கர் இணைப்பைத் தட்டினால்: பாதுகாப்பில்லா முகவரியிலிருந்து பாதுகாப்பானதுக்கு ஒன்று, ‘டபிள்யூ மூன்று’ இல்லாததற்கு ஒன்று, ப்ளாக்கர் பாதையிலிருந்து தேதிப் பாதைக்கு ஒன்று, தேதியிலிருந்து தலைப்புக்கு ஒன்று. நான்கு. நம்மூர்ப் பக்கம் சிக்னல் ஒரு கோடு இருக்கும்போது நான்கு தாவலும் நான்கு தனிக் காத்திருப்பு. கூகுளின் பாட் பத்துத் தாவல்வரை தொடரும் என்றாலும் சங்கிலியை நீட்டாதே என்பதுதான் அவர்கள் சொல்வதும். தீர்வு எளிது: டொமைனின் நான்கு வடிவங்களுக்கான சர்வர் பகுதிகளும் முதலில் இந்த மேப்பையே பார்க்க வேண்டும். கிடைத்தால் முழு முகவரியோடு நேரே கடைசி இடத்துக்கு அனுப்ப வேண்டும். கிடைக்காதபோதுதான் பொதுவான திருப்பம். மேப்பின் வலப்பக்கத்தில் இருக்கும் எதுவும் இடப்பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதையும் ஒரு சிறு ஸ்கிரிப்டால் சரிபார்த்தோம். இருந்தால் அங்கே ஒரு சங்கிலியோ முடிவில்லாச் சுற்றோ இருக்கிறது.

எண்ணுக்குப் பின்னால் ஒட்டி வரும் குப்பைக்கு மட்டும் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன். வாக்கியத்தின் முடிவில் இணைப்பை எழுதினால் முற்றுப்புள்ளியும், அடைப்புக்குறிக்குள் எழுதினால் மூடும் குறியும் சேர்ந்துகொள்வது வழக்கம். ‘/142.’ ‘/142)’ ‘/142/’ எல்லாம் ‘/142’க்குப் போகும்.

நீக்கிய பக்கங்கள்

சில வீட்டுக்காரர்கள் உள்வளவின் (வீட்டின் உட்பகுதியின்) படங்களை எடுக்கச் சொல்லியிருந்தார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டின் நிலைக்கதவும் சாமான்களும் இணையத்தில் இருப்பதில் அவர்களுக்கு உள்ள பயம் நியாயமானது. அந்தப் பக்கங்களுக்கு 410 கொடுத்தோம்: இருந்தது, வேண்டுமென்றே எடுக்கப்பட்டது என்று பொருள். அதோடு இரண்டு வரி விளக்கமும், ஊர்ப்பக்கத்துக்கு ஓர் இணைப்பும். இப்படிப்பட்டவற்றை முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது வந்தவரைக் குழப்பும். தேடுபொறியும் அதைக் காணாமற்போன பக்கமாகவே கணக்கிடும்.

சோதனையும் மாற்றிய நாளும்

முதலில் எல்லாவற்றையும் 302 (தற்காலிகத் திருப்பம்) ஆக வைத்துத்தான் சோதிக்க வேண்டும். 301-ஐ உலாவிகள் நினைவில் வைத்துக்கொள்ளும். தப்பான 301 ஒன்றை அனுப்பிவிட்டுச் சர்வரில் திருத்தினாலும், ஏற்கெனவே வந்துபோன போன் சர்வரைக் கேட்காமலேயே பழைய தப்பான இடத்துக்குப் போகும்.

டொமைன் பெயருக்கு எந்தச் சர்வர் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவை மாற்றுமுன்பே புதிய சர்வரைச் சொந்த டொமைன் பெயரில் சோதிக்கலாம். கர்ல் கருவியின் ‘ரிசால்வ்’ விருப்பம் இந்தப் பெயருக்கு இந்த ஐபி என்று அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் சொல்லிவைக்கும். விரிதாளின் ஒவ்வொரு வரிக்கும் மூன்று விடை எடுத்தோம்: கடைசி மறுமொழி எண், தாவல்களின் எண்ணிக்கை, போய்ச் சேர்ந்த முகவரி. 200, ஒன்று, எதிர்பார்த்த பக்க எண் என்று மூன்றும் பொருந்தினால்தான் வரி பச்சை. கவுனி அரிசிக் குளறுபடிக்குப் பிறகு, நூறு வரிகளைக் குலுக்கல் முறையில் எடுத்துப் பக்கத்தைத் திறந்து தலைப்பைக் கண்ணால் ஒப்பிட்டோம்.

இரண்டு நாளுக்கு முன்பே டிஎன்எஸ் பதிவின் ஆயுளை 300 நொடியாகக் குறைத்துவிட வேண்டும். ஒரு நாள் ஆயுளோடு இருக்கும் பதிவை மாற்றும் அன்று குறைத்துப் பயனில்லை. பழைய சர்வரை ஒரு மாதம் அணைக்காமல் வைத்தோம். ரோபாட்ஸ் கோப்பில் பழைய பாதைகளைத் தடுக்கவும் கூடாது. தடுத்தால் தேடுபொறி அங்கே போய்த் திருப்பத்தைப் பார்க்கவே முடியாது.

பக்கங்களுக்குள் ஒன்றையொன்று சுட்டும் இணைப்புகளை ரீடைரெக்டை நம்பி விடாமல் நேரடி எண்ணுக்கே மாற்றினோம். கருத்துகளைச் சுட்டும் ‘#’ குறிக்குப் பின்னுள்ள துண்டு சர்வருக்கு வருவதே இல்லை. உலாவி அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டு புதிய முகவரியில் ஒட்டிக்கொள்ளும். எனவே மேப்பில் எதுவும் செய்ய வேண்டாம், பக்கத்தின் உள்ளே அந்த அடையாளத்தை மாற்றாமல் வைத்திருந்தால் போதும். ஓடையிலும் (ஆர்எஸ்எஸ் ஃபீடு) ஒவ்வொரு பதிவின் அடையாளமான ஜியுஐடி அப்படியே இருக்க வேண்டும். அது பார்ப்பதற்குப் பழைய முகவரி மாதிரி இருக்கும், திருத்தக் கை பரபரக்கும். திருத்தினால் ஓடை வழி படிப்பவர்களுக்கு எல்லாப் பதிவும் புதிதாக வந்து கொட்டும்.

ரீடைரெக்டுகளைக் குறைந்தது ஓர் ஆண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். எங்கள் மேப் கோப்புக்குக் காலக்கெடு இல்லை. பலகை சுவரில் இருக்கும்வரை வரியும் இருக்கும். டொமைனையும் ஒருவர் பெயரிலிருந்து பொது மின்னஞ்சலுக்கு மாற்றி, ஒரே தடவையில் கட்ட முடிகிற அதிகபட்சமான பத்தாண்டுக்கும் பணம் கட்டினோம். டொமைன் போனால் மேப் கோப்பால் ஒரு பயனுமில்லை.

மாற்றிய பின் வந்த 404-கள்

முதல் மூன்று வாரம் தினமும் காலையில் 404 (பக்கம் இல்லை) பட்டியலை எண்ணிக்கை வரிசைப்படி பார்த்தோம். மேலே நிற்பது எப்போதும் வேர்ட்பிரஸின் உள்நுழைவுப் பக்கத்தைத் துழாவும் ரோபோக்கள். அதை வடிகட்டியபின் மிஞ்சியதில்தான் மனிதர்கள் இருந்தார்கள்.

அதில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது: ‘/2012/03/ப்ளாக்-போஸ்ட் 12.எச்டிஎம்எல்’. நடுவில் வெற்றிடம். எந்தக் காலத்திலும் தளத்தில் அப்படி ஒரு முகவரி இருந்ததில்லை. சுட்டும் தளம் எதுவும் பதிவில் இல்லை, அதாவது ஆட்கள் கையால் தட்டுகிறார்கள். பெட்டியிலிருந்த ஒரு கும்பாபிஷேக மலரை எடுத்துப் பார்த்ததும் விளங்கியது. அச்சகத்தில் முகவரிக்கு அடிக்கோடு போட்டிருக்கிறார்கள். ‘போஸ்ட்’டுக்கும் 12-க்கும் நடுவே உள்ள அடிக்கோட்டுக் குறி அந்தக் கோட்டோடு ஒன்றிப்போய், தாளில் வெற்றிடமாகத்தான் தெரிகிறது. படிக்கிறவர் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

அடிக்கோடு எண்ணோடு முடியும் எல்லா ப்ளாக்கர் பாதைகளையும் விரிதாளில் வடிகட்டி, ஒவ்வொன்றுக்கும் வெற்றிடம் வைத்த வடிவம் ஒன்றும், இடமே விடாமல் ஒட்டிய வடிவம் ஒன்றும் மேப்பில் சேர்த்தோம். வெற்றிடம் உள்ள சாவியை மேப் கோப்பில் மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும், இல்லையென்றால் என்ஜின்எக்ஸ் அதை இரண்டு துண்டாகப் படிக்கும். சோதித்துவிட்டுச் சர்வரை மறு ஏற்றம் செய்தோம். மறுநாள் காலைப் பதிவில் அதே வெற்றிட முகவரி மூன்று முறை வந்திருந்தது. மூன்றுக்கும் எதிரே 301, அடுத்த வரியில் 200.